ஹக்ஸ்லி காட்டிய ஏணி

தேர்தல் அறிக்கை எப்போது வெளிவரும்? வாக்களிக்கும் நாளுக்கு முன்பு வரும். சுவரிலே ஒட்டப்படும், மேடையிலே முழங்கப்படும், வாக்கு விழுந்த மறுநாள் மழையிலே நனைந்து, காற்றிலே கிழிந்து, தெருவிலே மாடு மேய்ந்து மறையும். இது நாம் கண்டு பழகிய காட்சி. ஆனால், வாக்குப்பதிவு முடிந்த பிறகு ஒரு வேட்பாளர் தம் கருத்துகளை ஏட்டிலே அச்சிட்டு நாட்டின் முன் வைத்தாரென்றால், அவரைப் பற்றி நாம் என்ன நினைப்பது? வாக்குக்காகப் பேசியவர் அல்லர் என்றேனும் நினைக்கலாம் அன்றோ!

அப்படி ஒருவர் இருந்தார். தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி என்பது அவர் பெயர். 1870 டிசம்பரில் 'கண்டெம்பரரி ரிவ்யூ' என்னும் இலண்டன் ஏட்டிலே, பள்ளி வாரியங்கள் என்ன செய்ய இயலும் என்பது குறித்து நீண்டதொரு கட்டுரை தீட்டினார். இதைத் தேர்தல் அறிக்கை என்று எவரும் ஐயுற வேண்டாம், வரி செலுத்துவோர் தீர்ப்பளித்த பின்னரே இது வெளிவரும் என்று தொடக்கத்திலேயே குறும்பாகக் கூறிவிட்டுத்தான் பொருளுக்குள் நுழைகிறார்.

அந்தக் கட்டுரையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய ஏட்டை இன்று ஏன் புரட்ட வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. ஹக்ஸ்லி நம் இனத்தவர் அல்லர். ஆனால் நம் கருத்தினத்தவர். டார்வினின் கொள்கைக்காக 1860-இல் ஆக்ஸ்போர்டு நகரிலே பிஷப் வில்பர்போர்சை எதிர்த்து வாதாடியவர். சான்று இல்லாத ஒன்றை அறிந்ததாகக் கூறிக்கொள்வது நேர்மையன்று என்னும் தம் நிலைக்கு 'அக்னாஸ்டிக்' என்ற புதுச்சொல்லை 1869-இல் படைத்தவர். அத்தகைய ஒருவர், ஏழைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்தும் பொறுப்பு கைக்கு வந்தபோது என்ன சொன்னார், என்ன செய்தார் என்று பார்ப்பது பகுத்தறிவாளர்க்குப் பாடம். பகைவரின் குறையைக் காண்பது எளிது. நம்மவரின் குறையைக் காண்பதிலேதான் நம் நேர்மை இருக்கிறது.

முதலிலே களத்தைக் காண்போம். 1870-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் தொடக்கக் கல்விச் சட்டத்தை இயற்றிற்று. கொண்டுவந்தவர் டபிள்யூ. ஈ. பார்ஸ்டர். அதுவரையில் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் கல்வி பெரும்பாலும் திருச்சபைகளின் கையில் இருந்தது. சபைப் பள்ளிகள் போதாத இடங்களிலே, மக்கள் தேர்ந்தெடுக்கும் வாரியம் ஒன்று அமைந்து, உள்ளூர் வரிப்பணத்திலே பள்ளி கட்டி நடத்தலாம் என்றது சட்டம். 5 வயது முதல் 13 வயது வரையிலான பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்கு வரவேண்டும் என்று துணைவிதி செய்யவும் வாரியத்துக்கு அதிகாரம் தந்தது. வரி செலுத்தும் பெண்களும் வாக்களிக்கலாம்; பெண்கள் வேட்பாளராகவும் நிற்கலாம். நாடாளுமன்றத் தேர்தலிலே இங்கிலாந்தின் பெண்களுக்கு 1918 வரை வாக்குரிமை இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால், இதன் புதுமை விளங்கும்.

இலண்டன் வாரியத்தின் முதல் தேர்தல் 1870 நவம்பர் 29-இல் நடந்தது. மொத்தம் 49 இடங்கள். ஒரு தொகுதிக்கு எத்தனை இடமோ அத்தனை வாக்கு ஒவ்வொருவருக்கும் உண்டு. அத்தனையையும் ஒருவருக்கே குவிக்கலாம், பலருக்குப் பகிரவும் செய்யலாம். மேரிலிபோன் தொகுதியிலே நின்ற ஹக்ஸ்லி 13,494 வாக்குகள் பெற்று இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் யார்? பெரும் பிரபுவா, பேராயரா? இல்லை. எலிசபெத் காரட் என்னும் பெண் மருத்துவர்! அவர் பெற்றவை 47,858 வாக்குகள். வாரியத்தின் முதல் தலைவராக அமர்ந்தவர் லாரன்ஸ் பிரபு. ஆம், 1864 முதல் 1869 வரை இந்தியாவிலே வைஸ்ராயாக வீற்றிருந்த அதே லாரன்ஸ்தான். ஒரு துணைக் கண்டத்தை ஆண்டவர், ஊர் திரும்பியதும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கணக்கைப் பார்க்க அமர்ந்தார். பள்ளி வாரியம் என்பது அவ்வளவு சிறிய வேலையன்று.

இனி, கட்டுரைக்கு வருவோம். வாரியப் பள்ளியிலே என்ன கற்பிக்க வேண்டும் என்பதே அதன் உயிர்நிலை. எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகிய மூன்றும் போதும் என்று அந்நாளிலே பலர் கூறினர். 1862-இல் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிமுறை அந்த எண்ணத்துக்கு அரசு முத்திரை குத்தியிருந்தது. ஆய்வாளர் வருவார்; பிள்ளை படித்துக் காட்டும், எழுதிக் காட்டும், கணக்குப் போட்டுக் காட்டும்; தேறினால் பள்ளிக்கு மானியம், தவறினால் வெட்டு. பிள்ளை அறிவு பெற்றதா என்பதன்று கேள்வி. மானியம் ஈட்டித் தந்ததா என்பதே கேள்வி!

ஹக்ஸ்லி இதை ஏற்கவில்லை. உண்பதற்கான கருவிகளைக் குழந்தையின் கையிலே கொடுத்துப் பழக்கிவிட்டு, உணவை மட்டும் காட்டாமல் இருப்பது போன்றது இது என்கிறார். எழுத்தும் வாசிப்பும் கருவிகள். அவற்றைக் கொண்டு எதை அறிவது? அதற்கு அவர் விரித்த பட்டியல் இது: நெரிசலான நகரிலே விளையாட இடமற்ற பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி, சமுதாயத்திலே மாந்தர் கூடி வாழ்வதற்கான ஒழுக்க நெறியின் அடிப்படைகள், தம்மைச் சூழ்ந்த இயற்கையைப் புரிந்துகொள்ள அறிவியல், கண்ணையும் கையையும் பழக்க ஓவியம், உள்ளத்தை மலர்விக்க இசை. சேரியிலே பிறந்த குழந்தைக்கு இசை எதற்கு, ஓவியம் எதற்கு என்று சீமான்கள் கேட்ட காலத்திலே, அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு எது வேண்டுமோ அது இவர்களுக்கும் வேண்டும் என்றார்.

இந்த இடத்திலே நம் வகுப்பறை நினைவுக்கு வருகிறது. நீர் ஆவியாகி மேகமாவதைப் பற்றிய பாடத்தை ஒரு சிறுவன் தங்குதடையின்றிப் படித்தான். ஒரு சொல்லும் பிசகவில்லை. "வெளியே கொடியிலே காயும் துணியின் ஈரம் எங்கே போயிற்று?" என்று கேட்டோம். விழித்தான். "வெயில் குடித்துவிட்டது ஐயா" என்றான். படித்த பாடத்துக்கும் கண்ட காட்சிக்கும் இடையே ஒரு சுவர் நின்றது. கரண்டி அவன் கையிலே இருந்தது. இலையிலே சோறு விழவில்லை. குற்றம் அவனுடையதன்று, பரிமாற வேண்டிய நம்முடையது. ஹக்ஸ்லி சொன்னது எவ்வளவு உண்மை என்பதை அன்று உணர்ந்தோம்.

அவருடைய வாதத்துக்கு வேர் இன்னும் ஆழத்திலே இருக்கிறது. 1868-இல் தென் இலண்டன் உழைப்பாளர் கல்லூரியிலே ஆற்றிய உரையிலேயே அதை ஊன்றிவிட்டார். ஏழைக்கு ஏன் கல்வி? வாக்குரிமை பெற்றுவிட்டான், இனி அவனே எசமான், ஆகவே படிக்கட்டும் என்றனர் அரசியல்வாதிகள். திருச்சபையை விட்டு விலகிப் போகிறான், ஆகவே படிக்கட்டும் என்றனர் பாதிரிமார். படியாத தொழிலாளியை வைத்து வெளிநாட்டுச் சரக்கோடு போட்டியிட முடியாது, ஆகவே படிக்கட்டும் என்றனர் ஆலை முதலாளிகள். இந்த மூன்று குரல்களையும் எடுத்துக்காட்டிவிட்டு, இவர்களும் மாந்தர், அறியவும் செய்யவும் அளவிலா ஆற்றல் உடையவர், அதனாலேயே கல்வி வேண்டும் என்ற சிலரின் மெல்லிய குரலோடு தம் குரலைச் சேர்த்தார். உழைப்பாளி படித்தால் உழைப்புக்கு உதவமாட்டான் என்ற புலம்பலையும் அவர் மதிக்கவில்லை. அந்தப் புலம்பல் இலண்டனோடு நின்றதா? 1953-இல் சென்னை மாகாணத்திலே, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று வந்த திட்டத்தின் பின்னாலும் அதே குரலைத்தானே நம் முன்னோர் கேட்டனர்! குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954-இல் அது வீழ்ந்தது. மொழி வேறு, கடல் வேறு. அந்த அச்சம் மட்டும் ஒன்றே.

இதுவரையில் ஹக்ஸ்லியைப் போற்றினோம். இனி வழக்காடுவோம்.

அதே கட்டுரையிலே, அதே பேனாவாலே, வாரியப் பள்ளிகளிலே பைபிள் படிக்கப்படலாம் என்று எழுதினார் ஹக்ஸ்லி. எந்த ஹக்ஸ்லி? பிஷப்பை எதிர்த்து நின்ற ஹக்ஸ்லி! அவர் காட்டும் காரணங்களை நேர்மையோடு எடுத்து வைப்போம். சமயப் பற்று என்னும் உணர்ச்சி வேறு, சமயக் கோட்பாடு என்னும் தத்துவம் வேறு. முன்னது ஒழுக்கத்துக்கு ஊன்றுகோல், பின்னது பூசலுக்கு விதை என்று பிரிக்கிறார். பைபிளின் நடை அழகானது. மூன்று நூற்றாண்டுகளாக ஆங்கிலேயர் வாழ்வோடு பின்னிப் பிணைந்தது. சிற்றூரை விட்டு வெளியே போகாத உழவனுக்கும், பிற நாடுகளும் பழைய நாகரிகங்களும் இருந்தன என்று அது காட்டும் என்கிறார். கோட்பாட்டை விலக்கி, பாதிரியல்லாத ஆசிரியர் ஒருவர், வரலாறு நிலநூல் விளக்கத்தோடு படித்துக் காட்டினால் தீங்கில்லை என்பது அவர் முடிவு. சட்டமும் இதற்கு இசைவாகவே இருந்தது. எந்தச் சபைக்கும் தனியுரிமையான வினாவிடை நூலையும் கோட்பாட்டையும் வாரியப் பள்ளியிலே கற்பிக்கலாகாது என்றும், விரும்பாத பெற்றோர் தம் பிள்ளையைச் சமய வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம் என்றும் விதித்திருந்தது. 1871-இல் இலண்டன் வாரியம் பைபிள் வாசிப்பை ஏற்றது. ஹக்ஸ்லி அதற்குத் துணை நின்றார்.

சூழ்நிலையை மறந்து பேசுகிறோம் என்று எவரும் கருத வேண்டாம். வாரியத்திலே சபையார் பலர். பிடிவாதம் பிடித்தால் பள்ளியே எழாமல் போகலாம். தெருவிலே திரியும் குழந்தை நம் கொள்கைத் தூய்மைக்காகக் காத்திருக்குமா? இந்தக் கவலை ஹக்ஸ்லிக்கு இருந்தது. அது பெரிய கவலைதான். சபைப் பள்ளிகளுக்கு வரிப்பணம் போவதை அவர் வாரியத்திலே எதிர்த்து வாதாடினார் என்பதையும் மறைக்க மாட்டோம். ஆயினும், நமக்கு மூன்று கேள்விகள் எழுகின்றன.

ஒன்று: கோட்பாடு கலவாமல் படித்துக் காட்டும் அந்த ஆசிரியரை யார் அமர்த்துவது? வாரியம். வாரியத்தை யார் நிரப்புவது? வாக்குகளை ஒருவருக்கே குவிக்கும் அந்தத் தேர்தல் முறையிலே, கட்டுக்கோப்பாக நின்ற சபையார் எளிதிலே இடம்பிடித்தனர். திறவுகோலைத் திருச்சபையின் கைக்கெட்டும் தூரத்திலே வைத்துவிட்டுப் பூட்டை நம்பினார் ஹக்ஸ்லி.

இரண்டு: அழகான இலக்கியம் என்பதுதான் காரணமென்றால், அந்த ஒரு நூலுக்கு மட்டும் ஏன் தனி ஆசனம்? இலக்கியத்தைப் படிக்கும் குழந்தை, பிடிக்கவில்லை என்று சொல்லலாம். வேதத்தைப் படிக்கும் குழந்தை அப்படிச் சொல்ல இயலுமா? விலகிக்கொள்ள விதி இருக்கிறது என்பார்கள். வகுப்பு முழுவதும் அமர்ந்திருக்க, ஒரு குழந்தை மட்டும் எழுந்து வெளியே நடப்பதன் வேதனையை விதி எழுதியவர் அறியார். வகுப்பறையிலே நிற்கும் நாம் அறிவோம்.

மூன்று, இதுவே தலையாயது: சான்றின்றி எதையும் ஏற்கமாட்டேன் என்ற உரிமையைத் தமக்கென வைத்துக்கொண்ட அறிஞர், அந்த உரிமையை ஐந்து வயதுக் குழந்தைக்கு ஏன் தரவில்லை? அறிஞருக்கு ஐயம், ஏழைக்குப் பக்தி என்று பங்கு பிரிப்பதா பகுத்தறிவு? ஒழுக்கத்துக்குச் சமய உணர்ச்சியே அடிப்படை என்றால், சமயம் துறந்த ஹக்ஸ்லியின் ஒழுக்கம் எதன்மேல் நின்றது? அவருடைய வாழ்வே அவருடைய வாதத்தை மறுக்கிறது.

வேறு வழி இல்லையா என்றால், இருந்தது. அந்தச் சட்டம் பைபிளைக் கட்டாயமாக்கவில்லை. முடிவை வாரியங்களுக்கே விட்டிருந்தது. பர்மிங்காம் நகரிலே, 1873 தேர்தலுக்குப் பின் ஜோசப் சேம்பர்லினின் அணியினர் வாரியத்தைக் கைப்பற்றி, ஆசிரியர்களின் பாடவேளையிலிருந்து சமயப் போதனையை நீக்கிக் காட்டினர். சில ஆண்டுகளே அது நீடித்தது. 1879-இல் விளக்கமின்றிப் பைபிள் படிக்கும் வழக்கம் வந்துவிட்டது. ஆனாலும் வானம் இடிந்து விழவில்லை, பள்ளிகளும் மூடப்படவில்லை.

இலண்டனிலே நடந்தது என்ன? ஹக்ஸ்லி உடல்நலம் குன்றி 1872 தொடக்கத்திலேயே பதவி விலகினார். 1890-களிலே, இலண்டன் வாரியத்திலே பெரும்பான்மை பெற்ற சபையார் கோட்பாட்டைக் கற்பிக்குமாறு ஆசிரியர்களுக்கே சுற்றறிக்கை விடுத்தனர். தாம் கட்டிய சமரசம் தளர்வதைக் கண்டபின்னரே 1895-இல் ஹக்ஸ்லி மறைந்தார். 1944-ஆம் ஆண்டுச் சட்டம், நாள்தோறும் பள்ளியிலே கூட்டு வழிபாடு நடத்த வேண்டும் என்று கட்டாயமே ஆக்கிற்று. 1988-ஆம் ஆண்டுச் சட்டமோ, அந்த வழிபாடு பெரும்பாலும் கிறித்தவச் சாயல் உடையதாக இருக்க வேண்டும் என்றது. இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகள் மீதுள்ள அந்தச் சட்டக் கடமை இன்றும் நீங்கவில்லை. பாலம் என்று நினைத்துப் போட்ட பலகை சுவராகிவிட்டது!

இன்னொரு குறையும் உண்டு. பெண் குழந்தைகளுக்கெனக் கட்டுரை தனியே ஒதுக்கியது எதை? சமையலும் சிக்கனமும் கலந்த இல்லப் பராமரிப்பை! சமையல் தெரிந்திருப்பது தீதன்று. ஆண்பிள்ளைக்கு ஏன் அது வேண்டாம் என்பதுதான் கேள்வி. அதே தொகுதியிலே, அதே நாளிலே, தம்மைவிட மும்மடங்குக்கும் மேலான வாக்குகளைப் பெற்று ஒரு பெண் மருத்துவர் முன்னே சென்றதைக் கண்டவர் ஹக்ஸ்லி. வாக்காளர் கண்ட உண்மையை அறிஞர் முழுதும் காணவில்லை.

கடைசியாக, ஏணி. வாரியத்திலே அமர்ந்த பின், 1871-இல் அவர் சொன்ன உவமை இன்றளவும் வாழ்கிறது. தேசியக் கல்வி என்ற பெயருக்குத் தகுதி பெற வேண்டுமானால், அடிமுனை சாக்கடை ஓரத்திலும் நுனி பல்கலைக்கழகத்திலும் சார்ந்திருக்கும் ஓர் ஏணியை அது நாட்ட வேண்டும் என்றார். எவ்வளவு துணிவான எண்ணம்! பிறப்பு வகுத்த இடத்தை அறிவு தாண்டலாம் என்னும் பிரகடனம் அது. தாம் வேதம் கற்பதற்கும் பிறர் சேவகம் செய்வதற்குமே பிறந்ததாக எழுதிவைத்துக்கொண்ட கூட்டத்தைக் கண்ட நமக்கு, அந்த ஏணியின் அருமை தெரியும்.

அந்த ஏணியிலே ஏறியவர்களும் உண்டு. துணிக்கடையிலே எடுபிடி வேலைக்கு விடப்பட்ட ஒரு சிறுவன், உதவித்தொகை பெற்று, 1884-இல் சவுத் கென்சிங்டனிலே ஹக்ஸ்லியின் வகுப்பிலேயே மாணவனாக வந்து அமர்ந்தான். உலகம் அவனைப் பின்னாளிலே எச். ஜி. வெல்ஸ் என்று அறிந்தது. மகிழ்வோம். ஆனால் அதே துணிக்கடையிலே, அதே மேசைக்குப் பின்னால் நின்று, துணி அளந்தே முதுகு வளைந்த மற்றச் சிறுவர்கள் எங்கே? ஏணியின் இயல்பே அதுதான். ஒருவர்பின் ஒருவராக, வலிமை உள்ளவர் மட்டும் ஏறலாம். நோயாளி ஏற முடியாது. பசித்தவன் ஏற முடியாது. தம்பியை இடுப்பிலே சுமந்திருக்கும் அக்காள் ஏற முடியாது. மேலே போனவனைக் காட்டி, வழிதான் இருக்கிறதே, நீ ஏன் ஏறவில்லை என்று கீழே நிற்பவனையே குற்றவாளியாக்கவும் ஏணி உதவும்.

ஏணியை எடுத்துவிடவும் எளிது. வாரியங்கள் தொடக்கப் பள்ளிக்கு மேலே உயர்நிலை வகுப்புகளையும் நடத்தத் தொடங்கின. அறிவியல் வகுப்புக்கு வரிப்பணத்தைச் செலவிட்டது தவறு என்று தணிக்கையாளர் காக்கர்ட்டன் மறுத்தார். 1901-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. 1902 சட்டம் இங்கிலாந்தின் பள்ளி வாரியங்களையே கலைத்தது; 1904-இல் இலண்டன் வாரியமும் மறைந்தது. சட்டத்திலே ஒரு சொல் உறுதியாக எழுதப்படாததால், ஏணியின் மேற்பாதி ஒரு கணக்குப் புத்தகத்தின் ஓரத்திலே அறுபட்டது!

அடிப்படியிலும் தொல்லைதான். 1870 சட்டம் வாரப் பள்ளிக் கட்டணத்தை ஒழிக்கவில்லை. ஒன்பது பென்ஸுக்கு மேற்படலாகாது என்று எல்லைதான் வகுத்தது. பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளிலே கட்டணம் நீங்க 1891 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை எப்படிப் படிக்கும் என்ற கேள்வியை, 1888-இல் டவர் ஹாம்லெட்ஸ் தொகுதியிலே வென்று அதே வாரியத்திலே அமர்ந்த ஒரு பெண் உரக்க எழுப்பி, இலவச உணவுக்குப் போராடினார். யார் அவர்? அன்னி பெசன்ட்! பின்னாளிலே அடையாற்றிலே ஆன்மிகம் பேசிய அதே அம்மையார்தான். அந்த ஆன்மிகத்தோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால் பசித்த குழந்தைக்குச் சோறு கேட்ட நாத்திக நாளின் பெசன்டை மதிக்கிறோம். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிட்டி. தியாகராயர் தொடங்கிவைத்த உணவுத் திட்டமும் அதே கேள்விக்குத் தமிழ் மண் அளித்த விடைதான்.

அப்படியானால் ஹக்ஸ்லியின் கட்டுரைக்கு நம் தீர்ப்பு என்ன? எதைக் கற்பிப்பது என்பதிலே அவர் சொன்னது இன்றும் பொன். யாருக்கு என்பதிலே பாதி வழி வந்தார். மிக்கவரை ஏற்றினார், மற்றவரை மறந்தார். எதன் பேரால் என்பதிலே, தம் நெஞ்சறிந்ததை விட்டு வளைந்தார். வளைந்ததற்குப் பலன் கிட்டியது: பள்ளிகள் எழுந்தன. வளைந்ததற்கு விலையும் இருந்தது: அதை அவர் கொடுக்கவில்லை; பின்வந்த குழந்தைகள் கொடுத்தனர்.

ஊர்ப் பள்ளியின் நிர்வாகத்திலே அமரப் போகிறேன் என்று நாளை ஒருவர் உங்கள் வாயிலுக்கு வரலாம். தோழர்களே, நீங்களே ஒருநாள் பிறர் வாயிலுக்குப் போகலாம். அப்போது கேட்க வேண்டியவை இவை: பிள்ளைக்குக் கருவி மட்டுமா தருவீர், உணவும் தருவீரா? ஒருவனை ஏற்றுவீரா, எல்லோரும் ஏறப் படிக்கட்டு அமைப்பீரா? உமக்கென வைத்துக்கொண்ட சிந்திக்கும் உரிமையை, கடைசி வரிசையிலே அமர்ந்திருக்கும் குழந்தைக்கும் தருவீரா?

மூன்றாம் கேள்விக்கு ஹக்ஸ்லியாலேயே நேராக விடை சொல்ல முடியவில்லை. நாம் சொல்ல வேண்டும்.